லிஃப்ட் மெஷின் ரூம் தளத்துக்கு லோடு எவ்வளவு எடுக்கணும்? டேபிள்ல 1.33 கிலோநியூட்டன்னு இருக்கே, அவ்ளோதானா?

ஸ்லாப்_சந்தேகம்:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ட்ரக்சரல் டிசைனுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது, இதுவரைக்கும் பீம், காலம், ஃபுட்டிங்னு போயிட்டு இருந்துச்சு, இப்போ முதல் தடவையா லிஃப்ட் மெஷின் ரூம் என் தலையில வந்து விழுந்திருக்கு. ஷாஃப்டுக்கு நேர் மேல மெஷின் ரூம், 1000 கிலோ, 13 பேர் லிஃப்ட், 1:1 ரோப்பிங் (ரோப்போட ஒரு முனை நேரா காருக்கு, மறுமுனை கவுண்டர்வெயிட்டுக்கு). ஷாஃப்ட் சுவர் கான்கிரீட், உள்ளளவு சுமாரா 2.4 க்கு 2.6 மீட்டர்.

குழப்பம் இதுதான். அமெரிக்க லோடு கோடான ஏஎஸ்சிஇ 7 ஓட லைவ் லோடு (ஆள், சாமான்னு மாறுற லோடு) டேபிள்ல தேடினா எலிவேட்டர் மெஷின் ரூம்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு, அதுவும் கிரேட்டிங்குக்கு, 2 இன்ச்சுக்கு 2 இன்ச் இடத்துல 300 பவுண்டு, அதாவது 1.33 கேஎன். ஒரு ஆள் சாமானோட நின்னாலே கிட்டத்தட்ட அந்த வெயிட் வந்துருமே, மோட்டார் எங்க போச்சு? ஆஃபீஸ்ல சீனியர்கிட்ட கேட்டா "10 கேபிஏ போட்டு ஸ்லாப் டிசைன் பண்ணிடு, எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்"ங்கிறார் (கேபிஏன்னா சதுர மீட்டருக்கு இத்தனை கேஎன்). லிஃப்ட் காரங்க குடுத்த டிராயிங்ல நாலு இடத்துல அம்புக்குறி போட்டு ரியாக்ஷன் (பீம் சப்போர்ட்ல இறக்குற லோடு) ஆர்1 29.4 கேஎன், ஆர்2 14.7 கேஎன்னு இருக்கு, ரெண்டு மெஷின் பீம், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆர்1 ஒரு ஆர்2. இதுல இம்பாக்ட் (லிஃப்ட் ஓடி நிக்கும்போது வர்ற அதிர்ச்சி) சேர்ந்திருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் இதை டபுள் பண்ணணுமா? 10 கேபிஏ போடணுமா? ரெண்டையும் சேர்த்தா? கொஞ்சம் சொல்லுங்க.

---

கயிறும்_கப்பியும்:

லிஃப்ட் இன்ஸ்டலேஷன் பக்கம் ரொம்ப வருஷம் இருந்துட்டு அப்புறம் டிசைனுக்கு வந்த ஆள் நான், அதனால ரெண்டு பக்கத்துக் கோபமும் எனக்குப் புரியும்.

முதல்ல அந்த 300 பவுண்டு. அது மெஷினுக்கான லோடே இல்ல. மெஷின் ரூம்ல சில இடத்துல கான்கிரீட்டுக்குப் பதிலா ஸ்டீல் கிரேட்டிங் போடுவாங்க, அதோட ஒரு பட்டை மேல சர்வீஸ் ஆள் முழங்காலை ஊனினாலோ டூல் பாக்ஸை இறக்கினாலோ அந்தப் பட்டை வளையக்கூடாது, அந்த உள்ளூர் செக்குக்குத்தான் அந்த நம்பர். அதே புஸ்தகத்துல இன்னொரு இடத்துல, லிஃப்ட்டோட டைனமிக் லோடு வாங்குற எல்லா உறுப்பையும் ஏஎஸ்எம்இ ஏ17.1 (அமெரிக்க லிஃப்ட் கோட்) சொல்ற இம்பாக்ட்டுக்கும் டிஃப்ளெக்ஷன் (வளைவு) லிமிட்டுக்கும் டிசைன் பண்ணுன்னு ஒரு வரி இருக்கும், நீங்க டேபிளை மட்டும் பார்த்துட்டு அதைத் தாண்டி வந்துட்டீங்க. எல்லாரும் முதல் தடவை அப்படித்தான் தாண்டுவாங்க.

ஏ17.1 என்ன சொல்லுதுன்னா, மேல இருக்கிற பீமுக்கான மொத்த லோடு = பீம் மேலயும் தளத்து மேலயும் உட்கார்ந்திருக்கிற எல்லா சாமானோட வெயிட் + பீம்ல இருந்து தொங்குற அதிகபட்ச லோடோட ரெண்டு மடங்கு. கவனிங்க, டபுள் ஆகிறது தொங்குற லோடு மட்டும்தான். மோட்டார், பெட்பிளேட் (மெஷின் உட்கார்ற அடித்தட்டு) எல்லாம் ஒரு மடங்குதான். எல்லாத்தையும் கண்ணை மூடிட்டு ரெண்டால பெருக்குறவங்களும் இருக்காங்க, எதையும் பெருக்காதவங்களும் இருக்காங்க.

அதனால உங்க ஆர்1 ஆர்2 வுக்குள்ள அந்த டபுள் இருக்கா இல்லையாங்கிறதை ஊகிக்க வேண்டாம், கூட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிரும். கார் வெயிட், கவுண்டர்வெயிட், மெஷின் வெயிட் இதெல்லாம் டிராயிங்ல ஒரு மூலையில சின்ன எழுத்துல இருக்கும், அதைப் போடுங்க.

---

பத்து_கேபிஏ_போதும்:

ப்ரோ இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா, நான் எத்தனையோ பில்டிங்ல 10 கேபிஏ போட்டுத்தான் விட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல. சீனியர் சொன்னதைப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

---

கயிறும்_கப்பியும்:

@பத்து_கேபிஏ_போதும் சண்டைக்கு வரல, ஆனா கணக்கு மட்டும் பாருங்க. 2.4 க்கு 2.6 ன்னா 6.24 சதுர மீட்டர், 10 கேபிஏன்னா மொத்தமே 62 கேஎன். அவர் டிராயிங்ல இருக்கிற நாலு ரியாக்ஷனைக் கூட்டினா 88 வருது. மொத்தத்துலயே குறையுது, அதுவும் நாலு புள்ளியில வர்ற லோடை நீங்க பாய் விரிச்ச மாதிரி பரப்பிட்டீங்க. உங்க பில்டிங்குல ஒண்ணும் ஆகலன்னா பெரும்பாலும் மெஷின் பீம் நேரா ஷாஃப்ட் சுவர் மேல உட்கார்ந்திருக்கும், உங்க ஸ்லாப் அந்த லோடைப் பார்த்தே இருக்காது. அந்த 10 காப்பாத்தல, சுவர் காப்பாத்தியிருக்கு.

---

ஸ்லாப்_சந்தேகம்:

நன்றி சார். நீங்க சொன்ன மாதிரியே கீழ் மூலையில இருந்துச்சு, ஜூம் பண்ணாதான் தெரியுது. கார் 1200 கிலோ, ரேட்டட் லோடு 1000, கவுண்டர்வெயிட் 1700, ரோப்பும் டிராவலிங் கேபிளும் சேர்த்து 150, மெஷினும் பெட்பிளேட்டும் பீமும் சேர்த்து 900. மெஷின் பீம் ஸ்பான் 2.4 மீட்டர், ஷீவ் (ரோப் சுத்தி ஓடுற சக்கரம்) சென்டர் ஒரு சப்போர்ட்ல இருந்து 0.8 மீட்டர்ல.

---

கயிறும்_கப்பியும்:

ஆ, இப்போ விஷயம் வெளிய வந்துருச்சு. 1:1 ரோப்பிங்னா ஷீவோட ரெண்டு பக்கமும் தொங்குறது எல்லாமே ஷீவ் தலையிலதான், காரும் ஆளும் ஒரு பக்கம், கவுண்டர்வெயிட் இன்னொரு பக்கம். கவுண்டர்வெயிட் எதிர்ப்பக்கம் இழுக்குதுன்னு கழிச்சிடக் கூடாது, அதை ஒரு தடவை ஒருத்தர் கழிச்சே காட்டினார் என்கிட்ட. தராசுல ரெண்டு தட்டுலயும் இருக்கிற வெயிட்டு மேல புடிச்சிருக்கிற கையிலதானே வரும்.

1200 + 1000 + 1700 + 150 = 4050 கிலோ தொங்குது. டபுள் பண்ணா 8100. மேல உட்கார்ந்திருக்கிற 900 சேர்த்தா 9000 கிலோ, அதாவது 88.3 கேஎன். உங்க நாலு அம்பையும் கூட்டினா 88.2. ஒரு பீமுக்கு 44, அது 0.8 மீட்டர் தள்ளி இருக்கிறதால கிட்ட இருக்கிற பக்கம் மூணுல ரெண்டு பங்கு 29.4, தூரப் பக்கம் 14.7. டிராயிங் போட்டவர் டபுள் பண்ணித்தான் குடுத்திருக்கார், இன்னொரு தடவை பெருக்காதீங்க. டபுள் பண்ணாம இருந்திருந்தா மொத்தம் 48.6 கேஎன்தான் வந்திருக்கும், வித்தியாசம் பளிச்சுனு தெரியும். ஆனாலும் ஒரு வரி மெயில் போட்டு "இந்த ரியாக்ஷன்ல இம்பாக்ட் சேர்ந்திருக்கு"ன்னு அவங்க வாயாலயே எழுதி வாங்கி ஃபைல்ல வெச்சுக்கோங்க. கணக்கு நமக்கு, எழுத்து நாளைக்கு.

ஃபேக்டர்டு லோடுக்கு (பாதுகாப்புக்காகப் பெருக்கி எடுக்கிற லோடு) நான் இந்த டபுள் ஆன தொங்குற லோடு முழுசையும் லைவ் லோடுன்னுதான் எடுப்பேன், 1.6 ஆல பெருக்கி. காரும் கவுண்டர்வெயிட்டும் எப்பவும் இருக்கிற வெயிட்தானே, டெட் லோடு ஆச்சேன்னு சிலர் வாதம் பண்ணுவாங்க, வாதம் தப்பில்ல, ஆனா ஓடிட்டே நின்னுட்டே இருக்கிற ஒண்ணை டெட்னு சொல்ல எனக்கு மனசு வரல. மெஷின், பெட்பிளேட் மட்டும் டெட்.

---

ஸ்லாப்_சந்தேகம்:

சூப்பர் சார், 88 வந்து நின்னதும்தான் உயிரே வந்துச்சு. இன்னொண்ணு, மெஷின் பீம் எங்க ஸ்கோப்லதான் வருதாம். ஐபிஇ 200 (200 மில்லி உயர ஐ வடிவ ஸ்டீல் பீம்) போட்டேன், ஸ்ட்ரெஸ் 121 எம்பிஏ தான் வருது, ஆனா செக்கர் "டிஃப்ளெக்ஷன் ஃபெயில்"னு சிவப்புல எழுதி திருப்பி அனுப்பிட்டார். 2.4 மீட்டர் பீம்ல டிஃப்ளெக்ஷனா? விளையாடுறாரா?

---

மில்லிமீட்டர்_மாமா:

விளையாடல தம்பி, அவர் சொல்றது சரி. நீங்க ஸ்பான்/360 பழக்கத்துல இருக்கீங்க. ஏ17.1 ல மெஷின் பீமுக்கும் ஷீவ் பீமுக்கும் ஸ்டேடிக் லோடுல ஸ்பான்/1666 தான் லிமிட். 2400 ஐ 1666 ஆல வகுத்தா 1.44 மில்லிமீட்டர். இதுக்கு டபுள் பண்ணாத லோடு எடுக்கணும், ஒரு பீமுக்கு 24.3 கேஎன். ஐபிஇ 200 க்கு ஐ (வளைவை எதிர்க்கிற செக்ஷன் அளவு) 1943 செமீ⁴, நான் போட்டுப் பார்த்தேன், 1.48 வருது. முடியளவுல ஃபெயில், ஆனா ஃபெயில் ஃபெயில்தான். ஐபிஇ 220 போட்டா 1.03, நிம்மதியா பாஸ்.

ஏன் இவ்வளவு கறார்னா, மேல இருக்கிறது வெறும் வெயிட் இல்ல, சுத்துற மெஷின். பீம் வளைஞ்சா பெட்பிளேட் சாயும், ஷீவ் சாயும், ரோப் பள்ளத்துல நேரா உட்காராம ஒரு பக்கமா தேயும், கியர் இருக்கிற மெஷின்னா ஷாஃப்ட் அலைன்மென்ட் போகும், பிரேக் ஒரு பக்கம் உரசும். இதெல்லாம் உடனே தெரியாது, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு சத்தமா வரும், அப்போ லிஃப்ட் காரன் பில்டிங்கைத் திட்டுவான், பில்டிங் காரன் லிஃப்ட்டைத் திட்டுவான். கான்கிரீட் பீமா இருந்தா இன்னும் யோசிக்கணும், கிராக் ஆன செக்ஷனும் க்ரீப்பும் (நாளாக நாளாக வளைவு கூடுறது) சேர்ந்தா 1/1666 ங்கிறது லேசுல கிடைக்காது, அதனாலதான் மெஷின் பீமை ஸ்டீல்ல போட்டு அதை சுவர் மேல ஏத்துறது நல்ல வழக்கம்.

இந்தக் கோட் எல்லா இடத்துக்கும் ஒண்ணு இல்லங்கிறதையும் பார்த்துக்கோங்க. இந்தியாவோட நேஷனல் பில்டிங் கோட் 2005 ல (அதை 2016 ல புதுப்பிச்சுட்டாங்க, அதையும் பார்த்துக்கோங்க) லிஃப்ட் பகுதியிலயும் அதே "சாமான் + தொங்குறது ரெண்டு மடங்கு"தான், டிஃப்ளெக்ஷன் 1/1500, ஆனா அல்டிமேட் ஸ்ட்ரெங்த் மேல ஸ்டீலுக்கு 5, கான்கிரீட்டுக்கு 7 ன்னு சேஃப்டி ஃபேக்டர் வேற கேட்டுச்சு. 410 எம்பிஏ ஸ்டீலை 5 ஆல வகுத்தா 82 தான் மிச்சம். உங்க மொமென்ட் 23.5 கேஎன்மீ, ஐபிஇ 220 ல 93 எம்பிஏ வருது, அங்க அது போதாது, 240 க்குப் போகணும், அதுல 73 கிட்ட. ஆக ஒரு கோட்ல டிஃப்ளெக்ஷன் ஆளுது, இன்னொரு கோட்ல ஸ்ட்ரெஸ் ஆளுது. ப்ராஜெக்ட் எந்தக் கோட்ல ஓடுதுன்னு முதல்ல பாருங்க.

---

நடுராத்திரி_ஷட்டரிங்:

டிசைன் பக்கம் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் சைட் பக்கத்துல இருந்து ஒரு கதை சொல்றேன், ஏன்னா இந்த த்ரெட்ல யாரும் ரோப்பிங் மாறுமேன்னு பேசல.

எங்க வேலை ஒண்ணுல 1:1 ன்னு டிராயிங் வந்துச்சு, ஸ்லாப் போட்டாச்சு, ரோப் ஓட்டை எல்லாம் விட்டாச்சு. அப்புறம் லிஃப்ட் கம்பெனி, பேர் வேண்டாம், மாடல் மாத்திட்டோம் இப்போ 2:1 ன்னு புது டிராயிங் அனுப்பிச்சாங்க. 2:1 ல சின்ன மெஷின் போதும், அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா ரோப்போட ரெண்டு முனையும் கார்லயும் கவுண்டர்வெயிட்லயும் போய் முடியாது, மேல வந்து டெட் எண்ட் ஹிட்ச்ல (முனையைக் கட்டுற இடம்) முடியும், அதனால தொங்குற லோடுல சரிபாதி ஷீவுக்குப் போகும், மீதிப் பாதி அந்த ஹிட்ச் பீமுக்குப் போகும். அதாவது நாங்க லோடே எதிர்பார்க்காத ரெண்டு இடத்துல பெரிய லோடு வந்து உட்காருது, அதுல ஒண்ணு நேரா நாங்க விட்ட ஓட்டைக்குப் பக்கத்துல. மொத்தம் ஏறக்குறைய அதேதான், இடம்தான் மாறிச்சு, ஆனா ஸ்லாபுக்கு மொத்தத்தைப் பத்தி என்ன கவலை, இடத்தைப் பத்தித்தான் கவலை. அப்புறம் சுவர்ல இருந்து சுவருக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஸ்டீல் பீம் போட்டு, அதுக்கு சுவர்ல பாக்கெட் வெட்டி, பேரிங் பிளேட் வெச்சு கிரௌட் பண்ணி, மூணு வாரம் போச்சு. கையெழுத்து ஆன லிஃப்ட் டிராயிங் கையில வராம மெஷின் ரூம் ஸ்லாப் காங்கிரீட் போடாதீங்க, அவ்வளவுதான்.

அந்த ஓட்டை விஷயமும் சொல்லிடுறேன், ரோப் ஓட்டையைச் சுத்தி 50 மில்லியாவது எழும்பின விளிம்பு வேணும், ஐரோப்பிய லிஃப்ட் ஸ்டாண்டர்டு ஈஎன் 81-20 ல இருக்கு, இல்லன்னா நட்டு போல்ட் ஸ்பானர் எல்லாம் உருண்டு ஷாஃப்ட்ல விழும், கீழ ஆள் வேலை பார்த்துட்டு இருப்பான். ஓட்டையை எலக்ட்ரீஷியன் வந்து தன் இஷ்டத்துக்குப் பெருசாக்குறதுக்கு முன்னாடி டிராயிங்லயே சைஸ் போட்டு சுத்தி கம்பி குடுத்துடுங்க.

---

ஸ்லாப்_சந்தேகம்:

ஐயோ எங்களுதும் இன்னும் கையெழுத்து ஆகல, "ஃபார் இன்ஃபர்மேஷன்"னுதான் ஸ்டாம்ப் இருக்கு. நாளைக்கே கேட்குறேன். சரி, பீம் சுவருக்குப் போயிருச்சுன்னா ஸ்லாபுக்கு அப்போ என்ன லோடு? அந்த 88 கேஎன் ஃபவுண்டேஷன் வரைக்கும் டபுளாவே இறங்கணுமா?

---

கயிறும்_கப்பியும்:

ஸ்லாபுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, காலியா இருக்கிற இடத்துக்கு யூனிஃபார்ம் லோடு. ஏ17.1 ல 125 பிஎஸ்எஃப், அதாவது 6 கேபிஏ. மாமா சொன்ன அந்த 2005 கோட்ல ஷாஃப்ட் மேல சதுர மீட்டருக்கு 350 கிலோன்னு இருந்துச்சு, அதோட சாமானால வர்ற எந்த லோடும், ஓடும்போதும் சரி ரிப்பேர் நேரத்துலயும் சரி. உங்க சீனியர் சொன்ன 10 ஐ இங்க போட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது, நானே 7.5 க்குக் கீழ போறதில்ல.

ரெண்டாவதைத்தான் நிறைய பேர் மறக்குறாங்க. அந்த "ரிப்பேர் நேரத்துல"ங்கிற வார்த்தை சும்மா போட்டது இல்ல. மோட்டாரை மாத்தும்போது மெஷினை பெட்பிளேட்ல இருந்து தூக்கி பக்கத்துல ஸ்லாப் மேல இறக்கி வெப்பாங்க, அப்புறம் உருளை வெச்சு கதவு வரைக்கும் தள்ளுவாங்க. அரை டன் சாமான் நாலு சின்ன காலுல நிக்குது, பழசும் புதுசும் ஒரே நேரத்துல அந்த ரூம்லயே இருக்கும். அந்தப் பாதை முழுக்க அந்தப் புள்ளி லோடுக்கு செக் பண்ணுங்க, பஞ்சிங்கும் (கால் ஸ்லாபைத் துளைச்சு இறங்குறது) ஓட்டை விளிம்பும் சேர்த்து. தூக்குறதுக்கு மேல கூரையில ஒரு ஹூக் இருக்கும் பாருங்க, அது கூரை ஸ்லாபோட லோடு, அதைத் தனியா டிசைன் பண்ணி எவ்வளவு தாங்கும்னு பக்கத்துல எழுதி வெக்கணும். மெஷின் வெயிட்டுக்கு மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க, ரோப் மாத்துற அன்னிக்கு செயின் பிளாக் மாட்டி காரையே அதுல தொங்க விடுற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன், சொன்னாலும் கேட்க மாட்டாங்க. லிஃப்ட் காரங்ககிட்ட ஹூக் லோடு என்னன்னு கேட்டு வாங்குங்க.

ஃபவுண்டேஷன் கேள்விக்கு, முழுசா இறங்க வேண்டியதில்ல. இந்திய லோடு ஸ்டாண்டர்டு ஐஎஸ் 875 ரெண்டாம் பாகத்துல லிஃப்ட்டைத் தாங்குற ஃபிரேமுக்கு 100 சதவீத இம்பாக்ட், ஃபுட்டிங், ஃபவுண்டேஷனுக்கு 40 சதவீதம்தான். பல மாடி சுவர் வழியா இறங்கி வர்றதுக்குள்ள அந்த அதிர்ச்சி கரைஞ்சிரும், சுவரோட சொந்த வெயிட்டுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

ஆனா ஃபவுண்டேஷன்ல வேற ஒரு லோடு காத்துட்டு இருக்கு, பிட் (ஷாஃப்டோட அடிக்குழி). ஈஎன் 81-20 படி கார் பஃபருக்குக் (கார் மோதினா தாங்குற அடித்தாங்கி) கீழ 4 மடங்கு காரும் லோடும், கவுண்டர்வெயிட் பஃபருக்குக் கீழ 4 மடங்கு கவுண்டர்வெயிட். உங்களுக்கு 4 × 9.81 × 2200, அதாவது 86 கேஎன், அந்தப் பக்கம் 67. மேல இருக்கிற 88 ஐயும் இதையும் கூட்டாதீங்க, கார் பஃபர் மேல உட்கார்ந்துட்டா ரோப் தளர்ந்துரும், மேல அந்த லோடு இருக்காது. பிட்டுக்குக் கீழ பேஸ்மென்ட், பார்க்கிங் ஏதாவது ஆர்க்கிடெக்ட் ஒளிச்சு வெச்சிருக்காரான்னு மட்டும் பாருங்க, அப்படின்னா கதையே வேற, கவுண்டர்வெயிட்டுக்கும் சேஃப்டி கியர் (கீழ விழாம ரெயிலைக் கவ்விப் பிடிக்கிற அமைப்பு) கேட்பாங்க.

---

மில்லிமீட்டர்_மாமா:

ஒரு சின்ன சேர்க்கை. மெஷின் பீம் சுவர்ல ஏறுற இடத்துல ரப்பர் பேட் வெப்பாங்க சத்தம் கீழ போகாம இருக்க, அந்த பேட் அமுங்குறதை 1.44 மில்லிமீட்டர் கணக்குல சேர்க்காதீங்க, அது பீமோட வளைவு இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே பேட் போட்டா 29.4 இருக்கிற பக்கம் அதிகமா அமுங்கும், மெஷின் சாயும், அதனால லோடைப் பார்த்து பேட் சைஸ் மாத்தணும். நிலநடுக்கம் வர்ற ஏரியான்னா பேடோட நிறுத்தாம பக்கவாட்டுத் தடுப்பும் ஆங்கரும் வேணும்.

---

மெஷின்ரூம்_இல்லாதவன்:

நடுவுல புகுந்து கேட்குறேன், மெஷின் ரூமே இல்லாத லிஃப்ட்டுன்னா இதெல்லாம் வேண்டாமா?

---

கயிறும்_கப்பியும்:

லோடு எங்கயும் ஓடிப் போகாது, வழி மாறும். சில மாடல்ல மெஷின் கைடு ரெயில் தலையில உட்காரும், அப்போ எல்லாமே ரெயில் வழியா பிட்டுக்கு இறங்கும், பிட் ஸ்லாப் கனமாகும். சிலதுல சுவர் பாக்கெட்ல பீம் போகும். மெஷினைக் கீழ பேஸ்மென்ட்ல வெச்சாங்கன்னா இன்னும் வேடிக்கை, ரோப் கீழ இருந்து மேல போய் ஷீவைச் சுத்தி இறங்குறதால மேல இருக்கிற ஷீவ் பீமுக்கு லோடு கிட்டத்தட்ட டபுள், கீழ மெஷினை ரோப் மேல்நோக்கித் தூக்கும், அங்க ஆங்கர் போல்ட் இழுவைக்கு டிசைன் பண்ணணும். விவரம் வேணும்னா தனி த்ரெட் போடுங்க, இது அவரோட ஸ்லாப்.

---

ஸ்லாப்_சந்தேகம்:

அப்டேட்: லிஃப்ட் காரங்ககிட்ட இருந்து பதில் வந்துருச்சு, இம்பாக்ட் சேர்ந்திருக்காம், எழுதியே குடுத்துட்டாங்க. ரோப்பிங் 1:1 உறுதி, கையெழுத்தான டிராயிங் அடுத்த வாரம். பீம் ஐபிஇ 240 ஆ மாத்திட்டேன், சுவர்ல பாக்கெட் விட்டாச்சு, ஸ்லாபுக்கு 7.5 ம் மெஷின் நகர்த்துற பாதைக்குப் புள்ளி லோடும். சீனியர்கிட்ட 62 க்கும் 88 க்கும் உள்ள கணக்கைக் காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துட்டு "ஹூக்குக்கு எவ்வளவு போட்ட?"ன்னு கேட்டார். அதை இன்னும் லிஃப்ட் காரங்க சொல்லல, கேட்டிருக்கேன்.